கடிபட்ட நாய்க்குத் துணை தேடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்க் கடி பற்றிய செய்தி இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. குழந்தையைக் கடித்தது, ஆட்டுப்பட்டியில் புகுந்தது என்று வருபவை எல்லாம் வர வேண்டியவைதான். தெருநாய்க் கூட்டத்திடம் சிக்கிய வீட்டு நாயைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஆனால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் எந்தக் கால்நடை மருந்தகத்தில் போய் உட்கார்ந்தாலும் இந்தக் காயத்தோடு ஒரு நாய் வரும். தூக்கி வருகிறவர்கள், கட்டுப் போட்டு முடிப்பதற்குள்ளேயே கேட்பது ஒன்று உண்டு: “இதுக்குத் துணையா இன்னொண்ணு வாங்கி விட்டுடலாமா சார்?”

வாங்கலாம். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி தவறாத நாய் என்றால் இரண்டு மூன்று மாதம் போகட்டும். ஊசியே போடாத நாய் என்றால் நான்கு மாதத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு முன் கொண்டுவரும் குட்டியால் இரண்டு நாய்க்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. இதற்கான காரணம் கடிபட்ட அன்றே தொடங்கிவிடுகிறது.

சண்டையைப் பிரிக்கப் போகிறவர்தான் முதலில் அடிபடுவார். கையை நடுவில் விடக் கூடாது. அந்த நேரத்தில் வளர்த்தவர் கை என்றெல்லாம் நாய்க்குத் தெரியாது. ஒரு வாளித் தண்ணீரை முகத்தைப் பார்த்து வீசுவது, நனைந்த சாக்கைக் கூட்டத்தின் மேல் எறிவது, பலகையையோ தகரத்தையோ இடையில் செருகுவது, இவைதான் வேலைக்கு ஆகும். கவ்வியிருக்கும்போதே நம் நாயைப் பிடித்து இழுத்தால் பல் பதிந்த இடம் கிழிந்துகொண்டே வரும். துளையோடு நின்றிருக்க வேண்டிய காயம் ஒரு சாண் கிழிசலாவது இப்படித்தான்.

பிரித்த பிறகு முதலில் பார்க்க வேண்டியது ஈறு. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறே வெளுத்திருந்தாலும், சிவக்க நேரம் பிடித்தாலும் உள்ளே ரத்தம் போகிறது அல்லது அதிர்ச்சியில் இருக்கிறது என்று பொருள்; அப்போது வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படுத்திருக்கும் நாயின் மூச்சு நிமிடத்துக்கு 40-க்கு மேல் ஓடினாலும், கழுத்துத் தோலை அழுத்தும்போது நறநறவென்று காற்று நகர்ந்தாலும் அப்படியே. மூச்சு சீராக இருக்கும் நாய்க்கு மட்டும் ஒரு துணி நாடாவால் வாயைக் கட்டிக்கொள்ளலாம். மூச்சு வாங்கும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும் கட்டக் கூடாது.

நாய்க் கடியில் ஏமாற்றுவது மேல்காயம். பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உதறும்போது கோரைப் பல் ஒரே இடத்தில் நிற்க, அதைச் சுற்றித் தோல் தசையை விட்டுப் பிரிந்து வந்துவிடும். வெளியே பார்த்தால் மிளகளவு ஓட்டை, அதுவும் மயிருக்குள் மறைந்திருக்கும். உள்ளே உள்ளங்கையகலத்துக்கு வெற்றிடம், அதில் எச்சில், மண், மயிர், செத்த தசை. மேல்தோல் இரண்டு நாளில் மூடிக்கொள்ளும். மூன்றாம் நான்காம் நாள் நாய் சாப்பாட்டை விட்டு மூலையில் படுக்கும், கிட்டப் போனால் நாற்றம் அடிக்கும். அதனால்தான் டாக்டர் சுற்றிலும் மயிரை மழித்து, ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, நீர் வடிய வழி வைக்கிறார். “சின்னக் காயத்தைப் பெரிசாக்கிட்டாங்க” என்று கோபப்பட்டுப் பயனில்லை. தையல் போட்டு இறுக்கி மூடச் சொல்லிக் கேட்பதும் வேண்டாம்.

கழுவுவது பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். சலவை சோப்பும் ஓடும் தண்ணீரும், முழுதாக 15 நிமிடம். வெறிநோய்க் கிருமியின் மேல் உள்ள கொழுப்புறையை சோப்பு கரைத்துவிடும். அதோடு கிருமி செயலிழக்கும். அடிபம்போ குழாயோ, தண்ணீர் காயத்தின் மேல் விழுந்து ஓட வேண்டும். தொட்டுத் துடைப்பது கழுவுவதாகாது. மார்பிலோ வயிற்றிலோ திறந்த காயம் என்றால் மட்டும் உள்ளே தண்ணீர் அடிக்காமல், ஈரத்துணியால் மூடி அழைத்துப் போங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பை போதும். தெருநாயின் எச்சில் நம் நாயின் மயிரில் ஒட்டியிருக்கிறது, நம் கையில் அருவாள் பட்ட கீறல் இருக்கிறது. கீறல் மேல் அந்த எச்சில் படுவதும், ரத்தம் வரக் கடிபடுவதும் ஒரே வகைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மூன்று வகைப் பிரிவு. இரண்டுக்குமே காயத்தைச் சுற்றிப் போடும் நோய் எதிர்ப்பு ஊசியும், தடுப்பூசியும் வேண்டும். தோலில் போடும் முறையென்றால் கடித்த அன்று, 3, 7, 28ஆம் நாள்கள். தசையில் என்றால் அன்று, 3, 7, 14, 28. நாய்க்கு ஊசி போட ஓடுகிற வீட்டில், அதைப் பிரித்துவிட்ட பெரியவர் தன் கையைக் காட்டாமல் இருந்துவிடுவதுதான் நம் ஊரில் நடக்கிறது.

சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் வேண்டாம். எல்லாம் நல்ல தசையையும் வேகவைத்துவிடும். போவிடோன் அயோடின் இருந்தால் நூறு மில்லி தண்ணீருக்கு ஒன்றிரண்டு மில்லி, வெளிர் டீ நிறத்துக்கு வரும்வரை கலந்து ஊற்றலாம். வலிக்கு என்று நாம் விழுங்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் நிறுத்த வேண்டும். டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் சேதத்தையும் உண்டாக்கும். (பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற காரணத்தால் டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்குக் கொடுப்பதே 2006-இல் தடை செய்யப்பட்டது. நம் மருந்துக்கடைகளில் மாட்டுக்கென்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

டெல்டாவில் இன்னொரு சங்கடம் ஈ. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயம் காயாது. கொல்லையில் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்திலேயே நாயும் படுத்திருக்கும். காலையில் முட்டையிட்ட ஈ மறுநாளே புழுவாகிவிடும். காதுமடல், கழுத்துப் பட்டைக்கு அடி, வாலடி மூன்றும் நாய் நாக்குக்கு எட்டாத இடங்கள், அங்கேதான் வைக்கும். நாளுக்கு இரண்டு முறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கழுத்துக் காயம் இருக்கும்வரை பட்டையைக் கழற்றிவிடுங்கள். வயல் தண்ணீரில் இறங்கவிடாதீர்கள். எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சலுக்குத் திறந்த புண் நல்ல வாசல்.

இனி வெறிநோய். கடித்த தெருநாய் அடையாளம் தெரிந்ததாக இருந்தால் பத்து நாள் கண்ணில் வைத்திருங்கள். பத்து நாளும் நன்றாக நடமாடினால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை. ஆனால் அந்தப் பத்து நாளுக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. முன்பே ஊசி போட்ட வீட்டு நாய்க்கு உடனே ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று போடுவது வழக்கம். போடாத நாய்க்கு அன்று, 3, 7, 14, 28 என்று ஐந்து. பின்னதில், மனிதருக்குக் கிடைக்கும் அளவு உறுதி கிடையாது. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. கடையில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வழியில் உரக்கடையில் நின்று, வெயிலில் பத்து மைல் வந்து போட்டால் போட்டதாகக் கணக்கு எழுதலாம், அவ்வளவுதான். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டு வாருங்கள். குப்பி நேரடியாக ஐஸில் படாமல் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள், உறைந்தாலும் கெட்டுவிடும்.

கடித்த நாய்க்கு வெறி இருந்திருந்தால், நம் நாயின் உடம்பில் அது பெரும்பாலும் மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை வெளியே தெரியாமல் இருக்கும். சிலவற்றில் ஆறு மாதமும் ஆகும். அமெரிக்காவின் பொது சுகாதாரக் கால்நடை மருத்துவர்கள் வகுத்த முறைப்படி, ஊசி நடப்பில் உள்ள நாய்க்கு உடனே ஓர் ஊசி போட்டு 45 நாள் கவனிக்க வேண்டும். போடாத நாயை 4 மாதம் தனியே வைக்க வேண்டும். நான் மேலே சொன்ன மாதக் கணக்கு, ஊசி போட்ட நாய்க்குக் கொஞ்சம் கூட்டி வைத்து, இதிலிருந்து வந்தது. குட்டிக்கு வெறிநோய் ஊசி மூன்று மாத வயதில்தான். இரண்டு மாதக் குட்டியை வாங்கி, கண்காணிப்பில் இருக்கும் நாயோடு விட்டால் என்ன ஆகும்? பெரிய நாய் குட்டியைக் கவ்வி விளையாடும், குட்டி பிள்ளைகள் கையை ஊசிப் பல்லால் கடித்து விளையாடும். எதற்கும் பாதுகாப்பு இல்லாத ஒரு சங்கிலி வீட்டுக்குள் உருவாகிவிடும்.

பயந்த நாயும் மூலையில் ஒளியும், வெறிநோய் கண்ட நாயும் இருட்டில் ஒளியும். முதல் வாரத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது எளிதல்ல. பயம் நாளுக்கு நாள் குறையும்: இன்று கட்டிலடி, நாளை தாழ்வாரம், மறுநாள் தட்டுக்கு வரும். வெறி நாளுக்கு நாள் கூடும். குரைக்கும் குரலே மாறும், தாடை தொங்கும், எச்சில் வடியும், தண்ணீரில் வாய் வைத்தும் விழுங்க முடியாது, மண்ணையும் குச்சியையும் கடிக்கும். அறிகுறி தோன்றிய பத்து நாளுக்குள் செத்துவிடும். தாடை தொங்கும் நாயைப் பார்த்ததும் “தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு” என்று வாய்க்குள் கைவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கட்டி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

காயம் ஆறி, தோல் மேல் மயிர் முளைத்த பிறகுதான் பயத்தை எடுக்கும் வேலை. கேட்டைத் தாண்டாத நாயைச் சங்கிலியால் தரதரவென்று இழுப்பதும், எந்நேரமும் கொல்லையில் கட்டியே வைப்பதும் இரண்டுமே தப்பு. ஓட வழியில்லாத நாய் கடிக்கப் பழகும். செய்ய வேண்டியது தூரத்தை அளப்பது. வேறொரு நாய் தெரியும் இடத்தில் நம் நாய்க்கு அவித்த முட்டையோ, உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியோ ஒரு துண்டு நீட்டுங்கள். தின்றால் தூரம் சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் நெருங்கிவிட்டோம். அறுபது அடியில் தின்கிற நாயை அன்று அறுபதிலேயே நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஐந்தடி முன்னே போகலாம். கருவாடு கொடுத்தால் ஆசையாகத் தின்னும்தான், உப்பு அதிகம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு மாட்டும் பட்டையில் பிடியுங்கள்.

எந்த நேரம், எந்த வழி என்பதும் முக்கியம். விடியுமுன் நாலு, ஐந்து மணிக்குத் தெருநாய்கள் கூட்டமாகத் திரியும். சித்திரை வெயிலில் தார் ரோடு பாதத்தைச் சுடும். புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாத ரோட்டில் நாயை நடத்தாதீர்கள். ஆறரையிலிருந்து ஏழரை வரை தோதான நேரம். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தின் பின்சந்து, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசல், குட்டி போட்ட நாய் இருக்கும் வைக்கோல்போர், இவை மூன்றையும் சுற்றிப் போங்கள். எச்சில் இலைக் குவியலைக் காக்கும் நாய்க்கூட்டம், வேறு எந்த நேரத்தையும் விட அப்போது மூர்க்கமாக இருக்கும். தனி நாய் வந்தால் குனிந்து கல் எடுக்கும் பாவனைக்கே விலகும். கூட்டம் விலகாது. அதற்குக் குடை நல்லது: முன்னால் நீட்டிப் படாரென்று விரித்து, அதன் மறைவில் பின்னோக்கி நடக்க வேண்டும். கம்பைச் சுழற்றினால் வலுச்சண்டைக்கு இழுத்த மாதிரி ஆகிவிடும்.

இத்தனையும் ஆன பிறகு இரண்டாவது நாய். எதற்காக என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். காவலுக்கு என்றால், இரண்டு நாயைச் சேர்த்துத் தெருவில் நடத்துவது ஒன்றை நடத்துவதைவிட ஆபத்து. தெருநாய் எதிரே வந்தால் எட்டாத எதிரியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் துணையைக் கடித்துவிடும். கையில் இரண்டு சங்கிலியும் முறுக்கிக்கொள்ளும். பயம் தெளிய என்றால், பெரும்பாலும் எதிர்மாறாக நடக்கும்: பழைய நாய் கேட்டில் நின்று குரைப்பதைப் பார்த்துக் குட்டியும் அதையே கற்கும். செத்துப்போன நாயின் இடத்தை நிரப்ப என்றால், பிள்ளைகளின் அழுகை அடங்கட்டும். ஏழாம் நாளே வரும் குட்டிக்குச் செத்த நாயின் பெயரையே வைத்து, அது போல் இல்லையே என்று மூன்றாம் மாதம் யாருக்காவது தள்ளிவிடும் வீடுகள் உண்டு. முதல் நாய் நல்ல துணை விரும்பி, வீட்டில் இடமும் இரட்டைச் செலவுக்குப் பணமும் இருந்தால், அதுவே போதுமான காரணம்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உறவினர் வீட்டில் ஊசி போட்ட, சாதுவான நாய் இருந்தால் அதோடு நாலைந்து நாள் நடக்கவிடுங்கள். அதைச் சகித்துக்கொள்ளாத நாய் வீட்டுக்குள் இன்னொன்றைச் சகிக்காது. பிறகு தேர்வு. ஏழெட்டு வயது நாய்க்கு இரண்டு மாதக் குட்டி தொல்லை. ஒன்றரை, இரண்டு வயதான, கருத்தடை செய்த நாய் பொருந்தும். ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண். இரண்டு பெட்டை ஒரே வீட்டில் முறைத்துக்கொண்டால் சமாதானம் ஆவது அரிது. ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை எடுக்காதீர்கள். பழிவாங்கும் எண்ணத்தில் ராஜபாளையமோ கோம்பையோ வேண்டாம்; நல்ல நாய்கள், ஆனால் ஓட இடமும் பழக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடும் உண்டு. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்கள். நம் ஈரத்துக்கும் வெயிலுக்கும், சொன்னால் சிரிப்பீர்கள், ஊசி போட்ட நாட்டுக்குட்டிதான் தோது.

அறிமுகம் வீட்டு வாசலில் வேண்டாம். தை, மாசியில் சம்பா அறுத்த வயலோ நெற்களமோ இரண்டு நாய்க்கும் பொதுவான இடம். இருவர் ஆளுக்கொரு நாயைப் பிடித்து, முப்பது அடி இடைவெளியில் ஒரே திசையில் இருபது நிமிடம் நடக்க வேண்டும். எதிரெதிரே கொண்டுவந்து முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. உடம்பு தளர்ந்து, வாய் திறந்து, தரையை மோந்துகொண்டு வந்தால் நெருங்கலாம். பின்பக்கம் மூன்று விநாடி மோந்ததும் பிரித்து மறுபடி நடக்க வேண்டும். வால் விறைத்து, வாய் மூடி, இமைக்காமல் பார்த்தால் அன்றைக்குப் போதும். வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம் தட்டு வேறு, படுக்கை வேறு. ஆள் இல்லாத நேரத்தில் அறையும் வேறு. பழைய நாய் ஏறிப் படுக்கக் குட்டிக்கு எட்டாத திண்ணை ஒன்று ஒதுக்குங்கள். உறுமியதற்காக அடிக்காதீர்கள். உறுமலை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

கருத்தடையைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், அதை யாரும் கேட்பதில்லை என்பதே. வீட்டு வாசலிலேயே நடக்கும் தாக்குதல்களில் பல, பெட்டை பருவத்துக்கு வந்த அந்த மூன்று வாரத்தில் நடப்பவை. மார்கழியில் தெருநாய்க் கூட்டம் அலைவதும் இதற்காகத்தான். கருத்தடை செய்யாத பெட்டைக்குத் துணையாக ஆண் நாய் வந்தால் அறுபத்து மூன்று நாளில் ஆறேழு குட்டி, அவற்றில் பாதி தெருவுக்கு. அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையிலோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள்.

உள்ளாட்சிகளிடமும் ஒன்று. 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும், 2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவும் சொல்வது, தெருநாயைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் போட்டு அதே இடத்தில் விட வேண்டும் (பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை மட்டும் அங்கே திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பரில் நீதிமன்றம் மாற்றியது), வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது என்று. கருத்தடை ஆன நாயின் காதில் வெட்டு அடையாளம் இருக்கும். புகார் எழுதுகிறவர்கள் “நாய்த் தொல்லை” என்று பொதுவாக எழுதாமல் தெரு, நேரம், நாய்களின் எண்ணிக்கை, நிறம், காது வெட்டு உண்டா இல்லையா என்று எழுதினால் பிடிக்க வருகிறவருக்கு வேலை எளிது. மண்டபங்கள் எச்சில் இலையை மூடிய தொட்டியில் போட்டு அன்று இரவே அள்ளுகின்றனவா என்பதை உரிமம் புதுப்பிக்கும்போது நகராட்சியும் பேரூராட்சியும் பார்க்கட்டும். தங்கள் நாளிதழும், நாய்க்கடிச் செய்தி வரும் நாளில், சோப்பும் 15 நிமிடமும் ஊசி நாள்களும் கொண்ட நான்கு வரிப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை உதவி மருத்துவர்,
மன்னார்குடி வட்டம்.